"இவர் வேறு ஆள்": அட்டர்னி ஜெனரல் கேள்வியில் நான் வாங்கிய 2 மார்க்

யு.பி.எஸ்.சி. மெயின்ஸுக்கு (குடிமைப் பணி முதன்மைத் தேர்வு) முன்பு எழுதிய ஒரு மாதிரித் தேர்வு. ஜி.எஸ். (பொது அறிவு) இரண்டாம் தாள், 15 மார்க் கேள்வி: அமெரிக்க அட்டர்னி ஜெனரலுக்கு அதிபர் மீதுள்ள விசுவாசமும் சட்டக் கடமையும் மோதுவதை விவாதிக்க வேண்டும். பார்த்ததுமே குஷி. இந்திய அட்டர்னி ஜெனரல் பற்றிய நம் அரசியலமைப்பின் 76-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதிக்குரிய தகுதி, நாடாளுமன்றத்தில் பேசலாம் ஆனால் ஓட்டுப் போட முடியாது என்று மளமளவென எழுதித் தள்ளினேன். கிடைத்தது 2. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இவர் வேறு ஆள்."

பெயர் ஒன்றுதான். நம் அட்டர்னி ஜெனரல் (இந்தியத் தலைமை வழக்கறிஞர்) அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்பவர், அரசுக்காக வாதாடுபவர். அவர் கையில் போலீஸ் இல்லை. அங்கே இருப்பவரோ அமைச்சரவை உறுப்பினர். எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பும் ஃபெடரல் (மத்திய) அரசு வழக்கறிஞர்களும் அவர் அமைச்சகத்துக்குள் வருகிறார்கள். தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. அவர் தலைமை தாங்கும் அமைப்பை "நீதித்துறை" என்று எழுதினால் நீதிமன்றங்கள் என்று பொருள் வந்துவிடும். "நீதி அமைச்சகம்" என்றே எழுதுங்கள். பதவி 1789-இல் வந்தது, அமைச்சகம் 1870-இல். பழைய வரலாறு இவ்வளவு போதும்.

அடுத்து நான் செய்த தப்பு, அமெரிக்க அட்டர்னி ஜெனரல்களைப் பெயர்களாக மனப்பாடம் செய்தது. நோட்டில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரைப் பற்றியும் நாலு வரி உருப்படியாக எழுத வரவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே ஒரு இரவை எடுத்துக்கொண்டேன்: 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. வாட்டர்கேட் வழக்கின் (எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததும் அதை மூடிமறைத்ததும்) சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்டு விடாப்பிடியாக நிற்கிறார். அவரை நீக்கச் சொல்கிறார் அதிபர் நிக்சன். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகுகிறார். அடுத்த இடத்தில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறுகிறார். அமைச்சகத்தில் மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க் நீக்க உத்தரவில் கையெழுத்திடுகிறார்.

ரிச்சர்ட்சன் ஏன் மறுத்தார்? பலர் "நேர்மையானவர்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது நற்சான்றிதழ், மார்க் வராது. பதவி ஏற்குமுன், நியமனத்துக்காக செனட் (நாடாளுமன்ற மேலவை) நடத்திய விசாரணையில், பெரிய முறைகேடு இல்லாமல் சிறப்பு வழக்கறிஞரை நீக்கமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நியமிப்பவர் அதிபர், ஒப்புதல் தருவது செனட், நீக்குபவர் மறுபடியும் அதிபர். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் விசுவாசச் சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. இதை எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே கேள்வி புரிந்தது.

இதற்கு நேரெதிர் உதாரணமும் நிக்சன் வீட்டிலேயே கிடைக்கும். அவருடைய தேர்தல் பிரசாரத்தை நடத்தி, பிறகு அட்டர்னி ஜெனரல் ஆன ஜான் மிட்செல், வாட்டர்கேட் மூடிமறைப்பில் குற்றவாளியாகிச் சிறைக்கே போனார். ஒரே கட்சியைத் திட்டுவது போல் தெரியாமலிருக்க, ஜான் கென்னடி 1961-இல் சொந்தத் தம்பி ராபர்ட்டை இந்தப் பதவியில் அமர்த்தியதையும் சேர்த்துக்கொண்டேன். உறவினர் நியமனத்துக்குத் தடை போடும் சட்டம் 1967-இல் வந்தது. சமகாலத்துக்கு டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜெஃப் செஷன்ஸ் ஒருவர் போதும்: டிரம்ப்பை முதலில் ஆதரித்த செனட்டர் அவர்தான். 2017 மார்ச்சில், அதிபர் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய விசாரணையிலிருந்து விலகி நின்றார். 2018 நவம்பரில், இடைக்காலத் தேர்தல் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்) முடிந்த மறுநாளே அதிபர் கேட்டதால் ராஜினாமா.

இந்திய ஒப்பீட்டுக்கு 76-ஆவது பிரிவைத் தொடவே வேண்டாம். சி.பி.ஐ. தான் சரியான ஜோடி. 2013-இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கூண்டுக்கிளி என்றது. இயக்குநரைப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அடங்கிய குழு பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. இயக்குநருக்குப் பத்தாண்டு வரம்பு இருந்தும், 2017-இல் ஜேம்ஸ் கோமியை அதிபரால் ஒரே நாளில் நீக்க முடிந்தது. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், விளக்கமே தேவைப்படாது.

250 சொல், கையில் பதினோரு நிமிடம். முதல் வரியிலேயே அந்தச் சனிக்கிழமைக்குப் போய்விடுவேன். இரண்டாவது முறை அதே கேள்விக்கு 8 வந்தது. இந்த முறை ஓரத்தில், ரக்கல்ஸ்ஹவுஸ் பெயரில் எழுத்துப் பிழை என்று மட்டும் தாள் திருத்தியவர் குறித்திருந்தார்.