தையல் செய்முறைத் தேர்வு: உடையின் உட்புறத்திலிருந்து நான் கற்றவை

ஓராண்டுத் தையல் படிப்பின் இறுதியில் நடந்த செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தேறவில்லை. கை வைத்த குழந்தைச் சட்டை ஒன்றை மூன்று மணி நேரத்தில் வெட்டித் தைத்து முடிக்க வேண்டும் என்பது பணி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறை சொல்ல முடியாத வகையில்தான் அதை முடித்திருந்தேன். ஆனால் தேர்வாளர் சட்டையைக் கையில் வாங்கியதும், முன்பக்கத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், உட்புறத்தை வெளியே திருப்பினார். பக்கத் தையலின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடந்தது. கழுத்து வளைவில் ஓரத்தில் சிறு வெட்டுகள் கொடுக்காத துணி மடங்கிக் கனத்து நின்றது. கீழ் மடிப்பில் ஊசி துணியை ஆழமாகக் குத்தியிருந்ததால் ஹெம்மிங்கின் (மடிப்பைக் கையால் பிடித்துத் தைப்பதன்) தடம் வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மறுமுறை தேர்வெழுதுவதற்கு முன் கிடைத்த மாதங்களில், நான் கற்ற முறையையே உட்புறத்திலிருந்து தொடங்கி மாற்றிக்கொண்டேன்.

முதலில் கைத்தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதைத்தான் அலட்சியம் செய்தேன். இயந்திரம் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று எண்ணி, மாதிரிக் கோப்பில் ஒட்டுவதற்காக மட்டும் ஓட்டுத் தையலையும் பின்தையலையும் காஜாத் தையலையும் ஒருமுறை போட்டுவிட்டு விலகிவிட்டேன். நூலை எவ்வளவு இழுத்தால் துணி சுருங்கும், எவ்வளவு தளர விட்டால் தையல் வாய் பிளக்கும் என்பது விரலுக்குத் தெரிந்தால்தான் இயந்திரத்தின் டென்ஷன் (நூல் இறுக்கம்) என்னவென்று புரியும் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். ஊசியில் கோக்கும் நூல் 45 சென்டிமீட்டருக்கு மேல் போனால் முறுக்கேறி முடிச்சு விழுகிறது. நேரத்தை மிச்சப்படுத்த நீளமாகக் கோப்பவர்கள் முடிச்சு அவிழ்ப்பதிலேயே அந்த நேரத்தை இழக்கிறார்கள். ஹெம்மிங் செய்யும்போது ஊசி வெளித்துணியில் ஓர் இழையையோ இரண்டு இழைகளையோ மட்டுமே தொட வேண்டும், நூலையும் இறுக்கி இழுக்கக் கூடாது. இதைப் பழக நான் கண்டறிந்த வழி எளியது: அடர்நிறத் துணியில் வெள்ளை நூலால் ஹெம்மிங் போட்டு, ஒவ்வொரு ஐந்து தையலுக்கும் ஒருமுறை துணியைத் திருப்பிப் பார்த்தேன். தவறு உடனே கண்ணில் பட்டது. இரண்டு வாரங்களில் விரல் தானாகவே அளவை அறிந்துகொண்டது.

தற்காலிகத் தையலுக்கும் இதே மதிப்பு உண்டு. ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில், துணிக்கு மாறான நிறத்து நூலால் ஓட்டி, இயந்திரத் தையல் முடிந்தபின் உருவிவிடுவது அது. நேரம் குறைவான தேர்வில் இதற்கு ஏது அவகாசம் என்று கேட்பவர்கள், கோணலாகப் போன ஒரு கையைப் பிரித்து மறுபடி பொருத்துவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இயந்திரத்துக்கு வந்தால், முதல் வாரம் நூல் கோக்காமல், தேய்ந்த பழைய ஊசியை மாட்டிக் கோடு போட்ட தாளில் ஓட்டிப் பழகுவதே நல்லது. நேர்கோடு வசப்பட்ட பிறகு சதுரம், பிறகு வட்டம். மூலையில் திரும்பும்போது ஊசி துணிக்குள் இறங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும், அதன்பின் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும் என்ற ஒழுங்கு தாளிலேயே கைவந்துவிடும்.

இயந்திர ஊசியின் காது முனைக்கு அருகில் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் காரணத்தை நான் படிப்பின் இறுதியில்தான் யோசித்தேன். ஊசி கீழே இறங்கி மீண்டும் மேலேறத் தொடங்கும் கணத்தில் மேல்நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது; அந்த வளையத்தைக் கீழே சுழலும் கொக்கி பிடித்து, கீழ்நூல் உருளையான பாபினைச் சுற்றி எடுத்துச் சென்று, கீழ்நூலுடன் பின்னிவிடுகிறது. முனையில் காதுள்ள ஊசியைக் கொண்டு இத்தகைய பூட்டுத் தையல் போடும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1846ஆம் ஆண்டில். இந்த இயக்கத்தை மனத்தில் படமாக வைத்துக்கொண்டால், எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்பதை நாமே ஊகிக்கலாம்.

என் முதல் தேர்வில் துணியின் அடியில் நூல் சுருண்டதும் நான் கீழ்நூலின் இறுக்கத்தை மாற்றும் பாபின் கேஸின் திருகைத் திருகத் தொடங்கினேன். ஏறத்தாழ இருபது நிமிடம் அதிலேயே போயிற்று, சுருள் குறையவில்லை. அடியில் சுருள் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும், மேலே தெரிந்தால் கீழ்நூலைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிரஷர் ஃபுட் இறங்கியிருந்த நிலையில் நான் நூல் கோத்திருந்தேன். அந்நிலையில் டென்ஷன் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தி மூடியிருக்கும். நூல் அவற்றின் இடையே புகாமல் மேலேயே நின்றுவிடும். பிடிமானமில்லாத மேல்நூல் தளர்ந்து அடியில் குவியும். ஃபுட்டைத் தூக்கி நூலை மறுபடி கோத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இப்போது சுருள் விழுந்தால் நான் எந்தத் திருகையும் தொடுவதில்லை: முதலில் மேல்நூலை மறுபடி கோப்பேன், பிறகு ஊசியை மாற்றுவேன், பிறகு பாபினைக் கழற்றித் துணிப்பிசிறைத் துடைப்பேன். திருகு கடைசியில்தான்.

கையைப் பொருத்துவதுதான் பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம். கையின் மேல்வளைவு ஆர்ம்ஹோலின் (உடல்துணியில் கை பொருந்தும் திறப்பின்) சுற்றளவைவிடச் சற்று நீளமாகவே வெட்டப்படுகிறது. தோளின் உருண்டைக்கு அந்த மிகுதி தேவை. அதை அறியாமல், அளவு தவறிவிட்டது என்று பயந்து வளைவைக் கத்தரித்துவிட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். செய்ய வேண்டியது, வளைவின் ஓரத்தில் நீளமான தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெல்ல இழுத்து, மிகுதியைச் சுருக்கம் தெரியாதபடி பரப்புவதே. பிறகு இயந்திரத்தில் வைக்கும்போது கைத்துணி அடியிலும் உடல்துணி மேலேயும் இருக்கட்டும். அடியில் உள்ள பற்கள் கீழ்த்துணியைச் சற்று விரைவாக நகர்த்துவதால், மிகுதி தானாகவே உள்வாங்கிக்கொள்ளும். நீண்ட பக்கத் தையலின் முடிவில் மேல்துணி மட்டும் சற்று நீண்டு நிற்பதற்கும் இதே பற்கள்தான் காரணம். அங்கே குண்டூசியோ தற்காலிகத் தையலோ அதைத் தடுக்கும்.

வளைவுகளில் வெட்டுக்கொடுப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. கழுத்தைப் போன்ற உட்குழிந்த வளைவில், திருப்பிய பிறகு ஓரத்துணி விரிய வேண்டியிருப்பதால் நேர்வெட்டு போதும். காலர் முனையைப் போன்ற வெளிவளைவில் ஓரத்துணி உள்ளே குவிவதால் சிறு முக்கோணங்களாக நறுக்கி எடுக்க வேண்டும். வெட்டு தையலைத் தொடாமல் இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். மெல்லிய துணியாக இருந்தால் பக்கத் தையலுக்குப் பிரெஞ்சுத் தையலை நான் பரிந்துரைப்பேன்: ஓரத்துக்கு 1.5 சென்டிமீட்டர் விட்டிருந்தால், துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து 1 சென்டிமீட்டரில் ஓட்டி, ஓரத்தை 3 மில்லிமீட்டராக நறுக்கி, திருப்பி, 5 மில்லிமீட்டரில் மறுபடி ஓட்டினால் பிசிறு முழுவதும் உள்ளே அடங்கிவிடும். ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் குறுக்கிடுவதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிடுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இல்லையேல் குறுக்கு இழுவையில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய பகுதிகள் நீண்டுவிடும்.

எழுத்துத் தேர்வு அவ்வளவு கடினமில்லை. ஊசி எண்களில் மட்டும் கவனம் வேண்டும். கைத்தையல் ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலிகிறது. இயந்திர ஊசியில் எண் ஏற ஏறத் தடிக்கிறது. 90/14 என்பதில் 90 என்பது ஊசித்தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும்.

இரண்டாம் முறை தேர்வில் நான் நேரத்தைப் பங்கிட்ட விதம் வேறு. வெட்டுவதற்கு நாற்பது நிமிடம், தைப்பதற்கு ஒன்றரை மணி நேரம், எஞ்சிய ஐம்பது நிமிடம் முழுவதும் கைவேலைக்கும் இஸ்திரிக்கும். பொத்தான் வைக்கும்போது அதன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதைச் சுற்றித் தைத்து, குச்சியை உருவியபின் பொத்தானுக்கும் துணிக்கும் இடையே தளர்ந்த நூலைச் சுற்றி ஒரு சிறு தண்டாக்கினேன். காஜாவின் கனத்துக்கு அந்த உயரம் தேவை. தேர்வாளர் இம்முறையும் சட்டையை உடனே திருப்பினார். பக்கத் தையலை விரலால் வருடிப் பார்த்தார், கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடைசியில் நடுப் பொத்தானைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து இரண்டு முறை பலமாக இழுத்தார். அது அசையவில்லை. சட்டையை மறுபடி நேராகத் திருப்பி, மடித்து, என் எண்ணுக்கு நேரே மதிப்பெண்ணை எழுதத் தொடங்கினார்.