இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள்

பரம்பரை இதயத் தசை நோயுள்ள குடும்பங்களின் டிஎன்ஏ வரிசைகளை அலசிப் பார்ப்பது என் அன்றாட வேலை. ஒரு மாறுபாட்டைக் கண்டுபிடிக்க இப்போது அதிக நேரம் ஆவதில்லை. அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று சொல்வதற்குத்தான் நாள் போதாது. இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது எம்ஒய்பிபிசி3 என்ற மரபணு. 11ஆம் குரோமோசோமில் உள்ள இது, இதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கான குறிப்பைத் தாங்கியிருக்கிறது. இதயச் சுவர் தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்ற நோயின் முக்கியக் காரணங்களில் இம்மரபணுவின் கோளாறுகளும் அடங்கும்.

ஒரு மரபணுவில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள் எக்ஸான்கள்; அவற்றுக்கு இடையே இருந்து, பிறகு வெட்டி நீக்கப்படுபவை இன்ட்ரான்கள். இதன் 32ஆம் இன்ட்ரானில் டிஎன்ஏவின் 25 எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்று குறிக்கப்படும் வேதி அலகுகள்) விடுபட்டுப்போன ஒரு வடிவம் உண்டு. தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருக்கும் இது, ஐரோப்பியர்களிடம் மிக மிக அரிது. எனவே மேலைநாட்டுத் தரவை மட்டும் வைத்து அலசுபவருக்கு அரிய மாறுபாடாகத் தோன்றுவது, இந்தியத் தரவில் சாதாரணமாகக் கண்ணில் படும். டிஎன்ஏ வரிசைகளைப் படமாகக் காட்டும் ஐஜிவி என்ற மென்பொருளின் திரையில் திறந்தால், ஒவ்வொன்றும் படிக்கப்பட்ட ஒரு டிஎன்ஏ துண்டைக் குறிக்கும் அடுக்கடுக்கான சாம்பல் நிறப் பட்டைகளில் ஏறக்குறையப் பாதியின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடும் அதன் மேல் 25 என்ற எண்ணும் தெரியும். மீதிப் பாதி முழுமையாக இருக்கும். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்த நீக்கம் என்பதற்கு அதுவே அடையாளம். நீக்கத்தின் விளிம்பில் முடியும் சில துண்டுகளில் மென்பொருள் இடைவெளியைக் காட்டாமல், பொருந்தாத வண்ண எழுத்துகளை வால் போல ஒட்டவைத்திருக்கும். புதிதாகச் சேர்பவர்கள் அதை வேறொரு மாறுபாடு என்று குறித்துக்கொண்டு வருவது வழக்கம்.

ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் ஆய்வாளர்களும் பங்கேற்று 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு, இந்த நீக்கத்தை இதயச் செயலிழப்புடன் தொடர்புபடுத்தியது. செல் இன்ட்ரான்களை வெட்டி எக்ஸான்களை ஒட்டும்போது, வெட்டுமிடத்தைக் காட்டும் குறிகள் இந்த நீக்கத்தால் குலைகின்றன. 33ஆம் எக்ஸான் தாண்டப்பட்டு, புரதத்தின் வால் பகுதி மாறிப்போகிறது. செயல்முறை விளக்கம் கச்சிதமாக இருந்தது. ஆனால் நூற்றில் நான்கு பேர் என்றால் கோடிக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோர் நோயின்றி வாழ்கிறார்கள். கடுமையான நோயைத் தனியாகவே உண்டாக்கும் ஒரு மாறுபாடு இவ்வளவு பரவலாக இருக்குமா என்ற கேள்வி, எங்களைப் போல அறிக்கை எழுதுபவர்களின் கையைப் பிடித்து நிறுத்தியது.

விடை வந்தது அதே மரபணுவின் இன்னொரு பகுதியிலிருந்து. அருகருகே உள்ள மாறுபாடுகள் தலைமுறைகளாகக் கூட்டமாகவே கைமாறுவதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றின் மேல் பழி போடுவது எளிது. நீக்கம் உள்ளவர்களில் ஒரு சிறு பிரிவினரிடம், அதே குரோமோசோமில், முன்னால் உள்ள வேறொரு இன்ட்ரானில், எக்ஸான் தொடங்குவதற்கு 52 எழுத்துகள் முன்பாக, ஜி என்ற எழுத்து ஏ ஆகியிருந்தது. அந்த ஒற்றை எழுத்து புதிய வெட்டுமிடத்தை உருவாக்கிப் புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. நீக்கத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி அபாயத்தின் பெரும்பங்கு இதிலிருந்தே வருகிறது என்று 2020இல் வெளியான மறுஆய்வு காட்டியது. பலமுறை திரையில் உருட்டிக் கடந்துபோன இடம்தான் அது. நோயறிதல் அறிக்கைகள் பொதுவாக எக்ஸானின் ஓரத்திலிருந்து பத்து இருபது எழுத்துகளுக்கு அப்பால் போவதில்லை என்பதால், 52ஆம் எழுத்து யார் கண்ணிலும் படாமல் இருந்ததில் வியப்பில்லை. (இம்மரபணு டிஎன்ஏவின் எதிர் இழையில் இருந்து, திரையில் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவதால் திரையில் ‘முன்னால்’ என்பது வலப்பக்கம், இதைச் சொல்லிக்கொடுக்காமல் யாரையும் இந்தக் கோப்பில் உட்காரவைக்கக் கூடாது.)

2009இன் ஆய்வு வீணானது என்று நான் கருதவில்லை. எக்ஸான் தாண்டப்படுவது உண்மையே. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில்தான் கணக்கு மாறியது. இப்போது 25 எழுத்து நீக்கம் கண்ணில் பட்டால், அந்த 52ஆம் எழுத்தையும் தேடிப் பார்த்து, இரண்டும் ஒரே பெற்றோர் வழி வந்தவையா என்பதைப் பெற்றோரின் மாதிரியில் சரிபார்க்கிறோம். நீக்கம் மட்டும் இருப்பவருக்கு, இதை வைத்து மட்டும் நோய் வரும் என்று கூற முடியாது, ஆனால் குடும்பத்தில் இதயநோய் இருந்தால் எக்கோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறோம்.