போர்ஷே இல்ல, ரெப்ளிகாதான்: என் ஸ்பீட்ஸ்டரை ஓட்டி, நோண்டி, தேத்தின கதை

மொதல்லயே சொல்லிடறேன், என்கிட்ட இருக்கறது ஒரிஜினல் இல்ல. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரோட ரெப்ளிகா. மேல ஃபைபர் பாடி, கீழ ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட ஃப்ளோர்பேன், அதாவது வண்டியை தாங்கற இரும்பு அடித்தட்டு, சுருக்கமா பேன். பீட்டிலுக்கு வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கற தூரம்) 2400 மி.மீ, 356க்கு 2100தான், அதனால பேனை நடுவுல வெட்டி குட்டையாக்கி வெல்டு பண்ணிருப்பாங்க. பின்னாடி 1600 சிசி ஏர் கூல்டு இன்ஜின். டூப்ளிகேட்டுனு சிரிக்கறவங்க சிரிக்கட்டும். போர்ஷேவே 1948ல மொத 356ஐ பண்ணும்போது பீட்டில் சாமானை எடுத்துத்தான் ஆரம்பிச்சாங்க, அதனால என் வண்டி வேத்தாளு இல்ல, ஒரே வம்சம்தான். ஸ்பீட்ஸ்டர் மாடலும் பெரிய ஆடம்பரம்லாம் கிடையாது. அமெரிக்காவுல வித்துட்டிருந்த மாக்ஸ் ஹாஃப்மன் விலை கம்மியா ஒரு திறந்த கார் கேட்டாருன்னு 1954ல கொண்டு வந்தாங்க, கதவுல ஏத்தி இறக்கற கண்ணாடி கூட கிடையாது, பேருக்கு ஒரு துணி டாப்பு, அவ்ளோதான்.

ஒரிஜினல் வச்சிருக்கறவங்க ஒரு நட்டை மாத்தணும்னாலும் நம்பர் மேட்ச் ஆகுமா, மதிப்பு குறையுமான்னு யோசிப்பாங்க. எனக்கு அந்த தலைவலியே இல்ல, டிரில் எடுத்து எங்க வேணா ஓட்டை போடலாம். அதுக்காக கண்டதையும் மாட்டக்கூடாதுங்கறது என் கட்சி, அதுக்கு அப்புறம் வரேன்.

வாங்கின புதுசுல ஓட்டறதே போதை மாதிரி இருந்துச்சு. உக்காந்தா ரோடு இடுப்புக்கு பக்கத்துல இருக்கும், கை கதவுக்கு மேல தானா போயிடும், 60ல போனாலே பறக்கற மாதிரி இருக்கும். ஆனா ராத்திரி எடுத்தா தெரியும் சங்கதி. ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரியுது, இண்டிகேட்டர் போட்டா அது டிக் டிக்னு அடிக்கற தாளத்துக்கு பெட்ரோல் கேஜ் முள்ளும் கூடவே ஆடுது. பேட்டரி புதுசு, டைனமோ நல்லா சார்ஜ் பண்ணுது, அப்புறம் என்னய்யா பிரச்சனைன்னு பாத்தா எல்லாமே எர்த்து. தகர பாடின்னா எங்க வேணா ஒரு ஸ்க்ரூல எர்த்து ஒயரை முடுக்கிட்டா பாடி வழியா கரண்ட் பேட்டரிக்கு திரும்பிடும். ஃபைபர்ல கரண்ட் போகாது, ஒவ்வொரு பல்புக்கும் திரும்பி வர தனி ஒயர் வேணும். இதை கட்டினவங்க ஒரே ஒல்லி கருப்பு ஒயரை லைட்டுல இருந்து லைட்டுக்கு, அங்கிருந்து கேஜுக்குன்னு தொடுத்துக்கிட்டே போயிருந்தாங்க, அதுல ஒரு இடம் லூஸானா அதுக்கு பின்னாடி இருக்கற எல்லாம் ஒண்ணோட வழியை ஒண்ணு கடன் வாங்கும், முள்ளு ஆடினது அதனாலதான்.

முன் டிக்கில ஒண்ணு, டேஷ்போர்டுக்கு பின்னாடி ஒண்ணு, ரெண்டு செம்பு பட்டை போட்டேன். எல்லா எர்த்தும் நேரா அதுக்கு வரும், அங்கிருந்து தடிமனான கேபிள் பேட்டரி மைனஸுக்கும் பேனுக்கும் போகும். கியர்பாக்ஸ் மூக்குல இருந்து பேனுக்கு போற பின்னல் பட்டையையும் புதுசா மாத்தினேன், கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்ட்ல உக்காந்திருக்கறதால இன்ஜினுக்கு எர்த்தே அந்த பட்டைதான். ஹெட்லைட்டுக்கு ரிலே வச்சேன், பெரிய கரண்ட் ஸ்விட்ச் வழியா போகாம நேரா லைட்டுக்கு போகும். சரியாச்சான்னு பாக்க ஈஸியான வழி ஒண்ணு இருக்கு: லைட்டை போட்டு வச்சுட்டு மல்டிமீட்டரோட ஒரு முனையை பல்பு எர்த்துலயும் இன்னொண்ணை பேட்டரி மைனஸ்லயும் வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எங்கயோ தின்னுட்டிருக்குன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு.

அடுத்து பிரேக்கு. நாலு டிரம்மையும் வச்சு இந்த வண்டியை நிறுத்த முடியும்தான், எடை 800 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும், ஆனா இறக்கத்துல ஒரு பக்கமா இழுக்கறது எனக்கு புடிக்கல. முன்னாடி டிஸ்க் போட்டேன். இது ஏமாத்து வேலை இல்ல, போர்ஷேவே 356 சி மாடல்ல நாலு வீலுக்கும் டிஸ்க் குடுத்துட்டாங்க. பழைய 5க்கு 205 போல்ட் வட்டத்துலயே (205 மி.மீ வட்டத்துல அஞ்சு போல்ட்) டிஸ்க் கிட் கிடைக்குது, அதனால வீல் மாத்த வேணாம், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டருக்குள்ள லைன்ல கொஞ்சம் பிரஷரை புடிச்சு வைக்கற வால்வு இருக்கும், அதோட டிஸ்க்கை சேத்தா பேடு உரசிக்கிட்டே போகும். டிஸ்க்குக்கு ஏத்த டூயல் சர்க்யூட் சிலிண்டரா (ரெண்டு தனி பிரேக் லைன் உள்ளதா) வாங்கிடுங்க.

இப்ப சூடு. ஏர் கூல்டுங்கறதால காத்துதான் எல்லாம். ஃபேன் காத்தை மேல இருந்து இழுத்து சிலிண்டர் வழியா கீழ தள்ளுது, கீழ போன அந்த சூட்டு காத்து திரும்ப மேல வரக்கூடாதுன்னுதான் சுத்தி தகரமும் ரப்பர் சீலும் வச்சிருக்காங்க. ரெப்ளிகால பாதி வண்டிக்கு இந்த சீல் ஒழுங்கா உக்காராது, பாடி வேற இன்ஜின் வேறயாச்சே. அதுலயும் ஸ்பீட்ஸ்டர் பின் மூடியில ஒரே ஒரு சின்ன கிரில்தான். போர்ஷேவே 1962 மாடல்ல ரெண்டு கிரில்லா மாத்தினாங்க. மூடியை வெட்ட எனக்கு மனசு வரல, ஒத்த கிரில் அழகே அழகு. அதனால ஓரம் முழுக்க அடர்த்தியான ஃபோம் ஒட்டி ஒரு பொட்டு சந்து இல்லாம அடைச்சேன், ஆயில் டெம்பரேச்சர் கேஜ் மாட்டினேன். மூணாவது சிலிண்டரை பாவம்னுதான் சொல்லணும், பழைய இன்ஜின்ல ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளயே நின்னு அதுக்கு வர காத்தை மறைச்சுடும். கூலரை தனி அறை மாதிரி வெளிய தள்ளி வச்ச டாக்ஹவுஸ் டைப் கூடு கிடைச்சா யோசிக்காம மாட்டுங்க. இப்ப மதிய வெயில்லயும் ஆயில் 100 டிகிரி பக்கத்துலயே நிக்குது.

அப்புறம்தான் ஆசைக்கு வந்தேன், ரெண்டு வெபர் 40 ஐடிஎஃப் கார்புரேட்டர். பக்கத்துக்கு ஒண்ணு, நாலு சிலிண்டருக்கும் தனித்தனி தொண்டை. இதுக்கு 3, 3.5 பிஎஸ்ஐ பெட்ரோல் பிரஷர் போதும், மேல போனா நிரம்பி வழியும். நாலு தொண்டையும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு மேல ஒரு மீட்டரை வச்சு பாத்து செட் பண்ணணும். இன்ஜின் சூடாகாம இருக்கும்போது அருமையா செட் ஆகும், கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்தா ஒரு பக்கம் முந்தும், இன்னொரு பக்கம் பிந்தும். காரணம் என்னன்னா இன்ஜின் சூடாக சூடாக விரியுது, ரெண்டு பக்க கார்புரேட்டரும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகுது, நடுவுல இருக்கற லிங்கேஜ் கம்பி அளவு மாறிடுது. அதனால நல்லா சூடு ஏறினப்புறம்தான் செட் பண்ணணும், லிங்கேஜும் ஆட்டம் இல்லாததா வாங்கணும். ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காம சும்மா ஓடும்போது டப் டப்னு வெடிச்சா உடனே ஸ்க்ரூவை திருகாதீங்க, ஐடில் ஜெட்டை கழட்டி ஊதுங்க, அந்த ஓட்டை அரை மில்லிமீட்டர்தான், ஒரு தூசி போதும் அடைக்க. சரியா உக்காந்த அன்னைக்கு ஆக்சிலேட்டர்ல காலை வச்சதும் தெரிஞ்சது, குதிரைசக்தி பெருசா ஏறிடல, ஆனா காலு அசையறதுக்குள்ள இன்ஜின் பதில் சொல்லுது.

இந்த வேலையோட வேலையா பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க, ஃபில்டரை இன்ஜின் பக்கத்துல தொங்க விடாதீங்க. ஃபைபர்ல தீ புடிச்சா லேசுல அணையாது, வண்டியில ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

ஸ்டியரிங் அலையறதுக்கு நான் செலவழிச்சது ரொம்ப கம்மி. மூக்கு லேசான வண்டி, கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னாடி சாயற கோணம்) கம்மியா இருந்துச்சு, முன் பீமோட கீழ் குழாய்க்கு பின்னாடி ஷிம்னு சொல்ற சின்ன தகடு வச்சு, முன் டயர்ல காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினதும் நேரா போக ஆரம்பிச்சுது.

சுபாரு இன்ஜின் போடு, பவர் டபுளாகும்னு நண்பர்கள் நச்சரிக்கறாங்க. நல்ல இன்ஜின்தான், மறுக்கல. ஆனா முன்னாடி ரேடியேட்டர், பேன் நீளத்துக்கு தண்ணி குழாய், அந்த கரகர சத்தமும் போயிடும், அப்புறம் மிச்சம் இருக்கறது வெறும் கூடு மட்டும்தானே. எனக்கு வேணாம்.

இப்ப மண்டையில ஓடறது கியர்பாக்ஸ். ஃபைனல் டிரைவ் (வீல் ஒரு சுத்து சுத்த கடைசி கியர் எத்தனை சுத்து சுத்தணுங்கற விகிதம்) 4.125 இருக்கு, 3.88 போட்டா ஹைவேல இன்ஜின் சுத்து 6 சதவீதம் குறையும், காதுக்கு நிம்மதி. ஆனா ஃபேன் ஓடறதும் இன்ஜின் பெல்ட்லதான், சுத்து குறைஞ்சா காத்தும் குறையும். அதனால இந்த வெயில் காலம் முழுக்க ஆயில் கேஜை பாத்து எழுதி வச்சுட்டிருக்கேன், ஆயில் இன்னும் கொஞ்சம் சூடானாலும் தாங்கும்னு தெரிஞ்சாத்தான் கியர்பாக்ஸை இறக்குவேன். யாராவது 40 ஐடிஎஃப்போட 3.88 ஓட்டறீங்கன்னா உங்க ஆயில் டெம்பரேச்சர் எவ்ளோ வருதுன்னு சொல்லுங்க.