வீட்டு ஆள் உழைப்புக்கும் கணக்கு

"அண்ணே, நேத்து களை எடுக்க அண்ணி எத்தனை மணி நேரம் நின்னாங்க?"

காலைல எங்க ஊர் வரப்புல நின்னு ஒரு தம்பி கேட்டுக்கிட்டிருந்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல இருந்து சாகுபடிச் செலவு கணக்கெடுக்க வர்றவர். கூலி கொடுக்காத வீட்டு ஆள் உழைப்பையும் மணிக்கணக்கா எழுதுறாங்க.

அண்ணன் கொஞ்சம் யோசிச்சு, "அவ வேலைக்கும் கணக்கா?"ன்னார். ஆமாண்ணே, கண்டிப்பா வேணும்.

இந்தக் கணக்கெடுப்பு 1970-71ல ஆரம்பிச்ச திட்டம். இங்க கோவை, பஞ்சாப்ல லூதியானா, இப்படி பல மாநிலத்து வேளாண் பொருளாதாரத் துறைங்க ஒரே முறையில கணக்கெடுத்து டெல்லிக்கு அனுப்புறாங்க, மத்திய அரசோட விவசாய விலை கமிஷன் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு சிபாரிசு பண்றப்ப முக்கியமா பாக்குறது இந்த டேட்டாவைத்தான். நெல்லுக்கு ஆதரவு விலை நாடு முழுக்க ஒண்ணுங்கறதால ஒரு துறை அசட்டையா இருந்தாலும் அது எல்லார் தலையிலயும் விடியும்.

எனக்கு ஒரு ஆசை. துறைத் தலைவர்கள் பக்கத்து மாநிலத்துக்காரங்களோட இன்னும் நிறைய உக்காந்து பேசணும். காவிரி டெல்டா நெல்லுக்கும் கிருஷ்ணா டெல்டா நெல்லுக்கும் செலவு எங்க மாறுதுன்னு சேர்ந்து எழுதி, தமிழ்லயும் தெலுங்குலயும் விவசாயி கையில கொடுக்கணும். முதல் போனை கோவைக்காரங்களே போடலாம்.