ஐந்து ஆண்டுகள் கழித்துச் சரிந்த கோபுரம்

பழைய அச்சோவியங்களுக்கு விவரக் குறிப்பு எழுதும் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அன்று என் மேசைக்கு வந்தது, பெர்னார்டோ பெல்லோட்டோ 1765இல் செப்புத் தகட்டில் வரைந்து அச்சிட்ட, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் காட்சி. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் பீரங்கிகள் 1760 ஜூலையில் அந்நகரைத் தாக்கியபோது திருச்சிலுவை ஆலயம் எரிந்தது. படத்தில் அதன் கோபுரம் பாதி உடைந்து, குடல் சரிந்ததுபோல் உள்ளே தெரிய நிற்கிறது. "1760 பீரங்கித் தாக்குதலில் இடிந்த கோபுரம்" என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குக் கைநீட்டினேன்.

பக்கத்து மேசையிலிருந்த மூத்தவர் எட்டிப் பார்த்தார். "நன்றாகப் பார்த்தாயா தம்பி? இத்தனை பேர் அங்கே என்ன செய்கிறார்கள்?"

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். தாளின் ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளம் நிழலாகத் தெரிந்தது. மைக்கோடுகள் மெல்லிய வரப்புகள்போல் எழும்பி நின்றன. பூதக்கண்ணாடியை வைத்ததும், கற்குவியலுக்கு நடுவே சின்னச் சின்ன மனிதர்கள்: சிலர் வேலையில் இருக்கிறார்கள், சிலர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் என் தவறு புரிந்தது. பீரங்கிகளுக்குக் கோபுரம் விழவில்லை. ஆலயம் எரிந்தும் அது நின்றது. மறுகட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, 1765 ஜூனில்தான் சரிந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த ஐந்து ஆண்டுகளை என் ஒற்றை வரி விழுங்கியிருந்தது.

பெல்லோட்டோ வெனிஸ்காரர், நகரக் காட்சிகளுக்குப் பேர்போன ஓவியர் கனலெட்டோவின் சகோதரி மகன். 1747 முதல் டிரெஸ்டன் அரசவைக்காக அந்நகரின் அழகை வரைந்தவர். தாக்குதலின்போது அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது அவருடைய வீடும் பாழாகிக் கிடந்தது. ஆனாலும் படத்தில் புலம்பல் இல்லை. அரண்மனைகளை வரைந்த அதே பொறுமையோடு உடைந்த கற்களையும் வரைந்திருக்கிறார். அச்சில் நேராக விழுவதற்குத் தகட்டில் அனைத்தையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். தான் வாழ்ந்த நகரின் இடிபாட்டை அப்படித் தலைகீழாக யோசித்து யோசித்துக் கீறிய கையை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதே இடத்தில் எழுந்த புதிய ஆலயமும் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் எரிந்தது.

குறிப்பைத் திருத்தினேன்: "1760இல் எரிந்த ஆலயம். 1765இல் சரிந்த கோபுரம். இடிபாட்டில் வேலை செய்யும் ஆட்கள்."

மூத்தவர் படித்துப் பார்த்தார். "வேடிக்கை பார்ப்பவர்களை விட்டுவிட்டாயே" என்றார். சேர்த்தேன்.