99 வாரங்கள்: ஒரு தொலைபேசி மேசையிலிருந்து

2009 இலையுதிர்காலத்தில் எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம், மற்றவர்களுக்கு வேலை போனதுதான். அந்த அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது. மாநில அரசின் வேலையிழப்புக் காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசிகள் ஓயாமல் அடித்ததால், அவசர அவசரமாகத் தற்காலிக ஆட்களை எடுத்தார்கள். அப்படி உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி. ஆறு மாதத்துக்கு என்றுதான் சொன்னார்கள். நாலரை ஆண்டு இருந்தேன்.

மேசையில் ஒரு ஹெட்செட், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஒரு கணினி. அதன் நிரல் நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கணினிக்கு 26 வரை எண்ணத்தான் பழக்கம். பெரும்பாலான மாநிலங்களில் வேலை இழந்தவருக்கு அவ்வளவு வாரங்கள்தான் உதவித்தொகை. முதலாளிகள் கட்டும் வரியிலிருந்து வருவது. அதற்குள் இன்னொரு வேலை கிடைத்துவிடும் என்பது கணக்கு. நல்ல காலத்துக்குப் பொருந்திய கணக்குதான்.

காலம் கெட்டதும் 2008 ஜூன் 30 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அதன்மேல் 13 வாரங்களைச் சேர்த்தது. பிறகு ஒவ்வொரு சட்டமாக வந்து, 2009 நவம்பரில் நான்கு படிகளாயின: 20, 14, 13, 6 வாரங்கள். இவற்றோடு பழைய 26 வாரங்களையும், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் 20 வாரங்களையும் கூட்டினால், நிலைமை மிக மோசமாக இருந்த மாநிலங்களில் மொத்தம் 99. சட்டம் மாறும்போதெல்லாம் அந்தப் பழைய நிரலில் ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு பிடிக்கும்வரை "இன்னும் கணினியில் ஏறவில்லை, பொறுத்திருங்கள்" என்று சொல்வது எங்கள் வேலை. யாரிடம் பொறுமையைக் கேட்கிறோம் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இந்த வேலையில் இருப்பது தெரிந்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் அழைப்புகள் வரும். பெரும்பாலானவர்கள் எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தவர்கள். அவர்களுக்காகவும் முதலாளி அந்த வரியைக் கட்டியிருப்பார். ஆனால் அப்போதெல்லாம் வேலை போனதும் விசாவின் பிடிமானமே போய்விடும் என்பதால், "வேறு வேலையில் சேரத் தயாராக இருக்கிறீர்களா" என்ற கேள்விக்குச் சட்டப்படி ஆம் என்று சொல்ல முடியாது. 26 வாரமும் இல்லை, 99 வாரமும் இல்லை. "அண்ணா, உங்களுக்கு இதில் இடமில்லை" என்று எத்தனை பேரிடம் சொன்னேனோ.

உதவித்தொகை பெறுபவர் வாரம் ஒருமுறை சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தீர்களா? வேலை தேடினீர்களா? வந்த வேலை எதையாவது மறுத்தீர்களா? ஏதாவது சம்பாதித்தீர்களா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் யாரும் எதுவும் கேட்காமல் வீட்டில் இருப்பவருக்கு, ஒரு மனிதக் குரல் கேள்வி கேட்டால் பதில் நீளும். அச்சகத்தில் 30 ஆண்டு இயந்திரம் ஓட்டிய ஒருவர், உடல்நிலை பற்றிய கேள்விக்கு "ஆம், முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்கிறது, ஆனாலும்..." என்று தொடங்கினார். முழங்கால் என்ற சொல் என் காதில் விழுந்துவிட்டால் நான் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் விசாரணை. விசாரணை முடியும்வரை பணம் நிற்கும். நான் கேள்வியை மறுபடியும், மிக மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படித்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "ஆம்" என்றார். அது விதிப்படி சரியா என்று கேட்டால், சரியில்லை.

2010 கோடைதான் மறக்க முடியாதது. நீட்டிப்புச் சட்டம் ஜூன் 2 அன்று காலாவதியானது. புதுப்பிக்க வேண்டிய மசோதா செனட்டில் சிக்கிக்கொண்டது. பற்றாக்குறை ஏறுகிறது, செலவுக்கு ஈடு காட்டுங்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஜூலை 22 அன்றுதான் ஒபாமா கையெழுத்திட்டார். இடையில் ஏழு வாரத்துக்குச் சற்று அதிகம். ஏற்கெனவே ஒரு படியில் நிற்பவர் அந்தப் படியை முடித்துக்கொள்ளலாம், அடுத்த படியில் கால் வைக்க முடியாது. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட இருவரில், சில நாள் வித்தியாசத்தால் ஒருவருக்குப் பணம் வரும், இன்னொருவருக்கு வராது. "அடுத்த படிக்கு என்னை எப்போது மாற்றுவீர்கள்?" என்பதே அந்தக் கோடை முழுக்க நான் கேட்ட கேள்வி. மேலிடத்திலிருந்து எங்களுக்குத் தந்த பதில் நான்கு வரி. மூன்றாம் வரியில் "நிலைமை மாறக்கூடும் என்பதால் வாராந்திரப் பதிலை நிறுத்தாதீர்கள்" என்று இருக்கும். பணம் வராத வாரங்களுக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொன்னோம். சட்டம் வந்தபின் முன்தேதியிட்டுப் பணம் போயிற்று என்பது உண்மை. வீட்டுச் சொந்தக்காரர் முன்தேதியிட்ட வாடகைக்காகக் காத்திருக்கமாட்டார் என்பதும் உண்மை.

உதவித்தொகையை நீட்டிக்கலாமா, கூடாதா என்று விவாதிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள்: பணம் கொடுத்தால் மனிதன் சோம்பேறி ஆகிவிடுவானா? 2010இல் ஹார்வர்டின் பொருளாதார அறிஞர் ராபர்ட் பாரோ, நீட்டிப்பே வேலையின்மையை வெகுவாக ஏற்றிவிட்டது என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் செய்த ஆய்வு, அந்தப் பாதிப்பு 0.1 முதல் 0.5 சதவீதப் புள்ளி வரைதான் என்றது. அதிலும் குறைந்தது பாதி, மனம் தளர்ந்து தேடலைக் கைவிட்டிருக்கக்கூடியவர்கள் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்ததால் வந்தது. நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. ஆனால் ஹெட்செட்டில் கேட்டது இரண்டாவதோடுதான் ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாததும் கேட்டேன், அதை மறைக்கக் கூடாது. "கிடங்கு வேலை இருக்கிறதுதான், எனக்கு இன்னும் 11 வாரம் பாக்கி இருக்கிறதே" என்று ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரைப் போன்றவர்கள் இல்லவே இல்லை என்று சொல்பவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. ஆனால் 2010 ஏப்ரலில் வேலையில்லாதவர்களில் 100க்கு 45 பேர் ஆறு மாதத்துக்கு மேலாக வேலையின்றி இருந்தார்கள். அந்தச் சிரிப்பை வைத்து இத்தனை பேருக்கும் சட்டம் எழுத முடியாது.

சோம்பலைப் பற்றிப் பேசியவர்கள் பார்க்காத இன்னொன்று உண்டு. நடுத்தர வயதுப் பெண் ஒருவர், கணக்கு எழுதுபவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஓர் அலுவலகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலைக்குப் போனார். சம்பாதித்ததை வாரா வாரம் ஒளிக்காமல் சொன்னார். ஓராண்டு முடிந்ததும் கணினி அவரது கணக்கைப் புதிதாகப் போட்டது. கடைசியாக வாங்கிய அந்தச் சொற்பச் சம்பளத்தை வைத்துப் புதிய தகுதி வந்துவிட்டது. தகுதி இருந்தால் நீட்டிப்புப் பணம் கிடையாது, புதிய கணக்கில்தான் வாங்க வேண்டும் என்பது விதி. அவருடைய வாரத்தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. "நான் வீட்டிலேயே இருந்திருந்தால்?" என்று கேட்டார். இருந்திருந்தால் பழைய தொகையே தொடர்ந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவும் வேண்டியிருந்தது. ஜூலை 22 சட்டம் இந்தக் கோணலை ஓரளவு சரிசெய்தது, ஆனால் அதற்குப் பிறகு ஓராண்டு முடிந்தவர்களுக்கு மட்டும். அவருக்கு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. சோம்பலை யார் கற்றுக்கொடுத்தார்கள்? எங்கள் விதிப் புத்தகம்தான்.

அந்த 1970ஆம் ஆண்டுத் திட்டத்திலும் ஒரு வேடிக்கை. வேலையின்மை உயர்ந்தால் தானாகத் தொடங்கும், இறங்கினால் தானாக நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விகிதம் உயரமாக இருந்தால் போதாது, முந்தைய ஆண்டுகளைவிடப் பத்தில் ஒரு பங்காவது கூடியிருக்கவும் வேண்டும். மோசமான நிலை மோசமாகவே நீடித்தால் "உயரவில்லை" என்று கணக்கு மூடிவிடும். 2012 மே மாதம் கலிபோர்னியாவில் அப்படித்தான் மூடியது; வேலையின்மை அப்போதும் 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது. காய்ச்சல் 103இலேயே நிற்கிறது, ஏறவில்லை, ஆகவே மருந்தை நிறுத்தலாம் என்று எந்த மருத்துவராவது சொல்வாரா?

பொருளாதாரம் தள்ளாடும்போது நீட்டிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை செனட்டின் விடுமுறைக்கும் தேர்தலுக்கும் நடுவே தவணை தவணையாகப் பிச்சை போடுவதுபோல் நீட்டித்ததுதான் என் புகார். வேலையின்மை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வாரங்கள் கூடட்டும், குறையட்டும். எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். அந்தச் சிரித்த இளைஞர்கூட.

2013 டிசம்பர் 28 அன்று நீட்டிப்பு முழுவதுமாக நின்றது. அந்த ஒரு வாரத்தில் நாடு முழுவதும் சுமார் 13 லட்சம் பேருக்குப் பணம் நின்றது. இம்முறை படியை முடித்துக்கொள்ளும் சலுகையும் இல்லை. திரையில் பாக்கித் தொகை தெரியும், எடுத்துத் தர முடியாது. ஜனவரி முதல் வாரத்தில் ஒருவர் அழைத்தார். கத்தவில்லை. வேலை தேடிய விவரங்களை எழுதிவைக்கச் சொன்னீர்களே, அவற்றை யாராவது பார்ப்பீர்களா என்று கேட்டார். சிலருடையதை மட்டும் எடுத்துச் சரிபார்ப்போம் என்றேன். "என்னுடையதையும் பாருங்கள்" என்று ஃபேக்ஸ் எண்ணைக் கேட்டார்.

மறுநாள் காலை 14 பக்கங்கள் வந்திருந்தன. தேதி, நிறுவனம், யாரிடம் பேசினார், என்ன பதில். ஒவ்வொரு வாரத்துக்கும் கோடு போட்டு, ஒரே அளவு எழுத்தில். பதில் என்ற இடத்தில் பெரும்பாலும் "பதில் இல்லை" என்றே இருந்தது. கணக்கு மூடப்பட்டுவிட்டதால் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை. முழுவதையும் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே என் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் போட்டு, தட்டிலேயே வைத்தேன்.