இந்த சீசனில் கோப்பையைத் தேடிப் போகவில்லை

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் எங்கள் கால்பந்து கிளப்புக்கும் புது வருஷம் பிறக்கும். பிள்ளைகள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "கோச் அக்கா, இந்த வருஷம் எந்த டோர்னமென்ட்டுக்கெல்லாம் போறோம்?" பதிலைக் கேட்டதும் சிலர் முகம் வாடிவிட்டது. 12 வயதுக்குட்பட்ட எங்கள் அணிகள், பையன்களானாலும் பெண்பிள்ளைகளானாலும், இந்த சீசனில், தோற்றால் அதோடு வெளியேற வேண்டிய நாக்அவுட் டோர்னமென்ட் ஒன்றுக்கும் போகாது. திருப்பரங்குன்றம் மலை தெரிகிற எங்கள் பொட்டலிலேயே ஆறு அணிகள் ஒன்றோடொன்று ஆடுகிற லீக் ஒன்றை நடத்தப் போகிறோம்.

போன ஆவணியில் பெண்பிள்ளைகளை, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். விடியும் முன்பே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். காலை ஒன்பது மணிக்கு என்று சொன்ன ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. பாதிக்குப் பத்து நிமிஷம், மொத்தமே இருபது நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை, டை-பிரேக்கர் பெனால்டியில் தோற்றோம். வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேர் பந்தைத் தொடவே இல்லை. திரும்பும் வழியில் அவர்களில் ஒருத்தி, "அடுத்த மேட்ச் எப்பக்கா?" என்று கேட்டாள். என்ன சொல்வது? அடுத்து யாராவது டோர்னமென்ட் வைத்து, எங்களையும் கூப்பிட்டால்தான் அவளுக்கு மேட்ச்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 அணிகளை வைத்து நாக்அவுட் நடத்தினால் மொத்தம் 15 மேட்ச். அதில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடும். ஆறு அணிகள் லீக் முறையில் ஒரு சுற்று ஆடினாலும் அதே 15 மேட்ச்தான், ஆனால் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து கிடைக்கும். இரண்டு சுற்று ஆடினால் பத்து. நாக்அவுட்டில் ஏற்கெனவே நன்றாக ஆடுகிற பிள்ளைக்குத்தான் மேலும் மேலும் ஆட்டம் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளை முதல் நாளே வெளியே போய்விடுகிறது. பெரியவர்கள் பரிசுப் பணத்துக்கு அப்படி ஆடட்டும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய ஆட்டமும் இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை நம் மதுரையின் சேது எஃப்.சி. ஜெயித்தபோது, எல்லா அணிகளும் லூதியானாவில் கூடி ஆடின. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று அடித்தார்கள். 2016இல் ஆரம்பித்த கிளப், மூன்றே வருஷத்தில் நாட்டின் சாம்பியன்! அந்தப் பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. 2023-24இலிருந்து அதே லீக் சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் முறைக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் ஏழு அணிகள், ஆளுக்கு 12 மேட்ச். மணிப்பூரை வென்று 2018இலும், ஹரியானாவை வென்று 2023இலும் தேசியப் பட்டம் வாங்கிய தமிழ்நாட்டுப் பெண்கள் அணிக்கு அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? மாதக் கணக்கில் மேட்ச் ஆடிப் பழகிய பிள்ளைகளிடமிருந்துதான் வர முடியும்.

சீசனை எப்போது வைப்பது என்பதை ஊரே முடிவு செய்துவிட்டது. ஜூன் கடைசியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முதல் சுற்று. ஆடிக்காற்றில் தூக்கி அடித்த பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது, அதனால் பிள்ளைகள் தரையோடு பாஸ் கொடுக்கப் பழகிவிடுவார்கள். ஐப்பசி பிறந்தால் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் ஏறி எங்கள் பொட்டல் சேறாகிவிடும். அப்புறம் அரையாண்டுப் பரீட்சை. தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு இருக்கும்போது பந்துக்கு யார் வருவார்கள்? ஆகவே இரண்டாவது சுற்று தை நடுவில் தொடங்கி மாசியோடு முடியும். சித்திரைத் திருவிழாவுக்கு நாங்களும் சும்மா இருப்போம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கோல்போஸ்ட். பெரியவர்கள் ஆடும் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அதன் நடுவில் நிறுத்தினால், தலைக்கு மேல் போகும் பந்தை என்ன செய்ய முடியும்? எதிரணியும் தூரத்திலிருந்து தூக்கி அடித்தே கோல் போடும், பாஸ் கொடுத்து முன்னேற யாருக்கும் அவசியம் இருக்காது. அதனால் 12 அடி அகலம், ஆறு அடி உயரத்தில் ஜி.ஐ. பைப்பில் இரண்டு போஸ்ட் செய்யச் சொல்லியிருக்கிறோம். வெல்டிங் பட்டறைக்காரர் எங்கள் பழைய ஃபார்வேர்டு, கூலி வேண்டாம் என்றுவிட்டார். போஸ்ட் சாய்ந்து பிள்ளை மேல் விழக் கூடாது என்பதற்காகப் பின்சட்டத்தில் மணல் மூட்டை வைத்துக் கட்டுவோம், அதைப் பார்க்காமல் விசில் ஊத விடமாட்டேன். பந்து நான்காம் நம்பர். ஐந்தாம் நம்பர் பந்தைச் சின்னக் கால்கள் அடித்தால் பூட்ஸின் நுனியால்தான் குத்த வேண்டியிருக்கும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

விதிகளில் இரண்டுக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும். வயதுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மீசை அரும்பிய "12 வயது" பையன்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏம்மா, கப்பு இல்லேன்னா புள்ளைக எதுக்கு வெயில்ல ஓடணும்?"

"கப்பு உண்டுண்ணே. பத்து மேட்ச் ஆடி முடிச்சதும் தருவோம்" என்றேன். அவர் மகள்தான் அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருத்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, உசிலம்பட்டிப் பக்கத்து அணியைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர ஆட்டோ தருவதாகச் சொன்னார்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு திட்டம். பதினாறு வயதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தி கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர், இன்னொருத்தி இடது ஓரமாக முன்னேறும் இடது விங். இருவரும் இந்த வருஷம் பெரிய கிளப்புகளின் தேர்வுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. இடது விங் வேகத்துக்குக் குறையில்லை, வலது காலைத்தான் பழக்க வேண்டும். தினமும் சுவரில் அடித்துப் பழகச் சொல்லியிருக்கிறேன், செய்கிறாள்.

பணம்? டோர்னமென்ட் நுழைவுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் போன காசு அப்படியே மிச்சம். அதில் பந்து, சுண்ணாம்பு, வருகிற அணிகளுக்கு மோர், கடலை உருண்டை எல்லாம் அடங்கிவிடும். விசில் ஊத உடற்கல்விப் படிப்பு மாணவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறில் ஐந்து அணிகள் உறுதியாகிவிட்டன. மேலூர்ப் பக்கத்து அணியின் கோச் மட்டும் இன்னும் யோசிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் எப்படி வருவது என்பதுதான் அவர் கவலை. அவர்களுடைய ஆட்டங்களில் பாதியை மேலூரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க, இந்த வாரம் நேரில் போகிறேன்.